தறி நின்ற நேரம்

பெரியம்மா, நீங்கள் பொய் சொன்னீர்கள். பாத்ரூமில் விழுந்து கிடந்த என் மாமனாரைப் பார்த்துவிட்டு, தூக்காமல் திரும்பி வந்து நான் தறியில் உட்கார்ந்தேன் என்று சொன்னீர்கள். செத்தவர் உங்கள் கூடப்பிறந்த தம்பி. அவர் கருமாதியன்று, சொந்தக்காரர்கள் சாப்பிட்டுக் கை கழுவிய ஈரம் காய்வதற்குள் சொன்னீர்கள்.

படிக்கிறவர்களுக்குச் சொல்லிவிடுகிறேன். பெரியம்மா என் மாமனாரின் அக்கா. ஆரணியில் அவர் வீடும் எங்கள் வீடும் ஒட்டினாற்போல் இருக்கின்றன, நடுவில் ஒரே சுவர். நாற்பது வருஷம் பட்டு நெய்தவர். முட்டி போனதும் தறியைப் பிரித்துப் போட்டுவிட்டார். சென்னையில் இருக்கிற மகன் பெரிய டிவி வாங்கி மாட்டி, நெட்டும் போட்டுக் கொடுத்துவிட்டுப் போனான். அதற்கப்புறம் அவன் வரவில்லை. டிவிதான் இருந்தது.

அந்த டிவியில் நாங்கள் பழைய இங்கிலீஷ் கொலைப் படங்கள் பார்த்தோம். தமிழில் டப்பிங் செய்தவை. மதியம் சாப்பிட்டதும் என் தறியை விட்டு எழுந்து அங்கே போவேன். எனக்கும் அந்தப் படங்கள் பிடித்தன. இல்லை என்று சொல்ல மாட்டேன். அங்கே பிணம்கூடச் சுத்தமாகக் கிடக்கும். அடுத்த சீனில் டீ குடிப்பார்கள். எங்கள் தெருவில் ஒரு சாவு விழுந்தால் எந்த மருமகள் எவ்வளவு அழுதாள் என்று பார்க்க ஒரு கூட்டம் இருக்கும். அந்தப் படங்களில் யாரும் யாரையும் அழச் சொல்வதில்லை.

ஒவ்வொரு படத்திலும் வயசான ஒருத்தர் வருவார். போலீஸ் கிடையாது, சம்பளம் கிடையாது. கிழடுதானே என்று அவர் எதிரிலேயே எல்லாவற்றையும் பேசுவார்கள். அவர் மூலையில் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருப்பார். கடைசியில் எல்லாரையும் ஹாலில் உட்கார வைத்துப் பேச ஆரம்பிப்பார். இன்ஸ்பெக்டர்கூட வாயைத் திறக்க மாட்டார். அந்த இடம் வந்தால் பெரியம்மா வெற்றிலையை மெல்லுவதை நிறுத்திவிடுவார். வயசான ஒரு மனுஷி பேசப் பேச அத்தனை பேரும் எழுந்து போகாமல் உட்கார்ந்து கேட்கிறார்கள். இவர் மகன் போனில் அரை நிமிஷம் கேட்க மாட்டான்.

"அந்தப் பச்சை கவுனைப் பாத்தியா? ஒரு தண்ணிக்குத் தாங்காது அந்தச் சாயம்" என்பார்.

"அங்க கொலை நடந்துகினு இருக்கு, நீங்க கவுனைப் பாத்துகினு இருக்கீங்க பெரியம்மா."

"கொலை எங்கடி ஓடிடப் போவுது? மருமகதான் பண்ணியிருப்பா."

"இந்தப் படத்துல மருமகளே இல்லையே."

"உள்ள ரூம்ல இருப்பா. இன்னும் காட்டல."

சிரித்தேன். அப்போது சிரிப்பாகத்தான் இருந்தது.

மாமா செத்த அன்று நான் படத்துக்குப் போகவில்லை. சேலையை முடித்துக் கொடுக்க வேண்டியிருந்தது. என் வீட்டுக்காரர் கடைவீதிக்குப் போயிருந்தார். நெய்துகொண்டிருக்கும்போது, பாவு இழைகளைத் தூக்கி இறக்குகிற விழுதில் சிக்கி ஒரு கொத்து இழை அறுந்தது. தறியை நிறுத்தி ஒவ்வொரு இழையாகப் பிணைத்தேன். பிறகு மறுபடி நெய்தேன். மாமாவுக்குக் காபி கொடுக்க எழுந்து போனபோதுதான் பின்கட்டு பாத்ரூமில் அவர் கிடந்ததைப் பார்த்தேன். யாரையும் கூப்பிடாமல் சுவரைப் பிடித்துக்கொண்டே போயிருக்கிறார். உடம்பு சில்லென்று இருந்தது. மூளையில் நரம்பு வெடித்து, அதற்கப்புறம்தான் விழுந்திருக்கிறார் என்று ஆஸ்பத்திரியில் சொன்னார்கள்.

கருமாதியன்று பெரியம்மா பிளாஸ்டிக் நாற்காலியை ஹால் நடுவில் இழுத்துப் போட்டுக்கொண்டார்.

"யாரும் எழுந்திருக்காதீங்க. எனக்கு ஒரு சந்தேகம்."

எல்லாரும் உட்கார்ந்தார்கள்.

"எந்தம்பி செத்த அன்னிக்கு இவ தறி ஓடிகினே இருந்துச்சு. திடீர்னு நின்னுச்சு. ரொம்ப நேரம் சத்தமே இல்ல. அப்பறம் மறுபடி ஓடுச்சு. நடுவுல இவ எங்க போனா?"

"இழை அறுந்துச்சு பெரியம்மா. பிணைச்சிகினு இருந்தேன்."

"எல்லாரும் கேட்டுக்குங்க. இழை அறுந்துச்சாம்."

தெள்ளாரிலிருந்து வந்திருந்த சின்ன மாமனார் மட்டும், "நரம்பு வெடிச்சுதுன்னு டாக்டரே சொன்னாரே அக்கா" என்றார்.

"டாக்டருங்க மொதல்ல அப்படித்தான் சொல்லுவாங்க. கடைசியிலதான்டா விஷயம் வெளிய வரும். அன்னிக்குக் காலையில இவ அவனை என்னா சொன்னான்னு கேளு. ஜல்தியா போய்ச் சேரக் கூடாதான்னா. சுவத்துக்கு இந்தப் பக்கம் கேட்டுச்சு எனக்கு. விழுந்து கெடந்தவனைப் பாத்துட்டு, தூக்காம வந்து தறியில உக்காந்துகினா."

ஆமாம், சொன்னேன். ஊட்டிய சோற்றை என் முகத்தில் துப்பினார், சொன்னேன். இரண்டு வருஷம் அவர் மலம் அள்ளினேன். அள்ளும்போது இதைவிட மோசமாகவும் சொல்லியிருக்கிறேன். அந்த ஹாலில் உட்கார்ந்திருந்த எந்த மருமகள் சொல்லாதவள்?

அங்கே இருந்த அத்தனை பேரும் நெசவுக்காரர்கள். இழை அறுந்தால் தறி நிற்கும் என்பது எங்கள் வீட்டில் நடக்கப் பழகும் குழந்தைக்குக்கூடத் தெரியும். அதை ஒருத்தராவது சொல்லியிருக்கலாம். சொல்லவில்லை. தறி நின்றது, ஓடியது, நடுவில் ஒரு சாவு. கேட்க நன்றாக இருந்தது. ஒரு அம்மா புடவையைச் சரிசெய்துகொண்டு முன்னால் தள்ளி உட்கார்ந்தாள். டீ டம்ளரோடு வந்தவன் கொடுக்காமல் நின்று கேட்டான். எல்லாரும் என் முகத்தைப் பார்த்தார்கள். படத்தில் அந்த இடத்தில் ஒருத்தி அழுதுகொண்டே ஒத்துக்கொள்வாள். அதற்காகக் காத்திருந்தார்கள்.

என் வீட்டுக்காரர் தலையைத் தொங்கப் போட்டுக்கொண்டு இருந்தார். அன்று இரவு கேட்டார்:

"நெஜமாவே உனக்கு சத்தம் கேக்கலயா?"

"கேட்டிருந்தா போயிருக்க மாட்டேனா?"

"இல்ல, சும்மா கேட்டேன்."

சும்மா சும்மா இன்னும் கேட்கிறார். போன மாதம் அவருக்கு விஷக்காய்ச்சல் வந்தது. எழுந்து உட்கார முடியவில்லை. சேத்துப்பட்டிலிருந்து தங்கச்சியை வரவழைத்துப் பக்கத்தில் வைத்துக்கொண்டார். நான் கஞ்சி எடுத்துப் போனால், "வெச்சிட்டுப் போ, அவ குடுப்பா" என்றார். பதினெட்டு வருஷம் கூட வாழ்ந்த மனுஷன், உடம்பு முடியாதபோது என்னோடு தனியாக இருக்கப் பயப்படுகிறார். பெரியம்மா, நீங்கள் கொன்றது அவர் என்மேல் வைத்திருந்த நம்பிக்கையை.

நீங்கள் கண்டுபிடிக்காத ஒன்றை நான் சொல்கிறேன். நான் இழை பிணைத்த நேரமெல்லாம் உங்கள் டிவி எனக்குக் கேட்டது. என் தறி ஓடினால் நீங்கள் சத்தத்தை ஏற்றுவீர்கள், நின்றால் குறைப்பீர்கள். அன்றும் குறைத்தீர்கள். தறி நின்ற நேரம் உங்களுக்கு ஞாபகம் இருந்தது அதனால்தான். எங்கள் பாத்ரூம் உங்கள் சமையல்கட்டுச் சுவரை ஒட்டி இருக்கிறது. நான் இருந்தது முன்கட்டில். தம்பி விழுந்த சத்தம் என்னைவிட உங்களுக்குத்தான் கிட்டே. உங்களுக்கும் கேட்கவில்லை. பிணத்தைத் தூக்கி வந்து போட்டபோது உங்கள் முகத்தைப் பார்த்தேன். யார் கிட்டே இருந்தது, யாருக்குக் கேட்டிருக்க வேண்டும் என்ற அதே கணக்கை நீங்களும் போட்டுக்கொண்டிருந்தீர்கள். கருமாதி வருவதற்குள் அந்தக் கணக்கை என் தலையில் இறக்கிவைக்க வழி கண்டுபிடித்துவிட்டீர்கள்.

நீங்கள் அவரைச் சாகவிட்டீர்கள் என்று நான் சொல்ல மாட்டேன். அது அசிங்கமான பேச்சு.

அடுத்த மாதம் அவருக்கு வருஷத் திதி. தெள்ளாரிலிருந்தும் சேத்துப்பட்டிலிருந்தும் அதே ஆட்கள் வருவார்கள். என் வீட்டுக்காரரும் இருப்பார். நாற்காலியை நானே நடுவில் போடுகிறேன். உட்கார்ந்து, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி சொல்லுங்கள் பெரியம்மா: உங்கள் தம்பி விழுந்தபோது நீங்கள் என்ன செய்துகொண்டிருந்தீர்கள்?