பால்புட்டி மெக்கானிக்

சேலையூர் கேம்ப் ரோட்டில் போய் மதியழகன் கடை எது என்று கேட்டால் யாருக்கும் தெரியாது. பால்புட்டி மெக்கானிக் என்று கேட்டால் போதும். முனையில் பூ விற்கிற அம்மா, கட்டுகிற சரத்தைக் கீழே வைக்காமல் தாடையாலேயே வழி காட்டிவிடும்.

பெயர் வந்த கதை சின்னதுதான். அவன் மகள் தமிழினி கைக்குழந்தையாக இருந்தபோது பால் குடித்த கண்ணாடிப் புட்டி ஒன்று வீட்டுப் பரணில் கிடந்தது. பக்கவாட்டில் மில்லிக் கோடு போட்டிருக்கும். ஒருநாள் அதைக் கடைக்கு எடுத்து வந்துவிட்டான். நூறு மில்லிக் கோடு வரைக்கும் பெட்ரோல் ஊற்றுவான். ரப்பர் மூடியில் ஒரு டியூப், காற்று போக மை தீர்ந்த பேனா ரீஃபில் ஒன்று. இரண்டையும் செருகி, புட்டியைத் தலைகீழாக ஹேண்டில்பாரில் கட்டுவான். டாங்கிலிருந்து வருகிற டியூபைப் பிடுங்கி அடைத்துவிட்டு, உள்ளே மிச்சமிருக்கும் பெட்ரோல் தீர்ந்து வண்டி தானாக அணைகிற வரை ஓடவிடுவான். அப்புறம்தான் புட்டியை இணைப்பான். சொட்டுக்கூட ஏமாற்ற முடியாது.

"புள்ள வாய் வெச்ச புட்டிய்யா அது. கொஞ்சமாவது கூச்சம் கீதா உனக்கு?" என்று அவன் மனைவி துர்கா கேட்டாள்.

"அவ இப்ப டீ குடிக்கிறா. இது இப்ப வண்டி குடிக்குது. வுடு" என்றான்.

புட்டியைக் கட்டிக்கொண்டு மேடவாக்கம் போகிற ரோட்டில் நேராகப் போக வேண்டியது. வண்டி எங்கே இருமிக்கொண்டு நிற்கிறதோ, அதுதான் கணக்கு. சந்தோஷபுரத்தில் நின்றால் லிட்டருக்கு நாற்பது சொச்சம். வேங்கைவாசல் என்றால் ஐம்பதுக்கு மேல். மேடவாக்கம் கூட்டுரோட்டைத் தொட்டுவிட்டால் அறுபது. அந்தப் பக்கத்து ஆட்கள் கிலோமீட்டர் கணக்கையே விட்டுவிட்டார்கள். "என் வண்டி மேடவாக்கம் மச்சான், உன்னுது?" என்று ஒருத்தன் கேட்பான். சந்தோஷபுரத்துக்காரன் பேச்சை மாற்றிவிடுவான்.

கடை வாசலில் ஒரு தகர போர்டு தொங்கியது. மஞ்சள் அடித்து, சிவப்பில் அவனே எழுதியது: மைலேஜ் 60 கேரண்டி. எட்டாவதோடு பள்ளிக்கூடத்தை விட்டவன் கையெழுத்து என்று யாரும் சொல்ல மாட்டார்கள். அவ்வளவு அழகாக இருக்கும். புட்டியும் போர்டும்தான் அவன் சம்பாதித்த பேர்.

வாய் மட்டும் கொஞ்சம் கடுசு. "டயர்ல காத்து கீதா இல்ல வெறும் ரப்பர் மேல குந்திகினு வர்றியா?" என்பான். "செயினு இன்னா அழுவுதா? எண்ணெ போடு." "கிளட்ச்ச பாதி புடிச்சிகினே ஓட்டுனா பெட்ரோலு நிக்குமா, போவும்." திட்டிக்கொண்டே சரி செய்துவிடுவான். திட்டு வாங்கியவன் அடுத்த வாரம் தம்பியைக் கூட்டிக்கொண்டு வருவான்.

இரண்டாயிரத்து எட்டு ஜூன் மாசம் பெட்ரோல் ஒரேயடியாக அஞ்சு ரூபாய் ஏறியது. கேம்ப் ரோட்டில் வண்டி வைத்திருந்த அத்தனை பேரும் மதியழகன் வாசலில் நின்றார்கள். அந்தக் கூட்டத்தில்தான் ஜீவரத்தினமும் வந்தார். கோவளம் குப்பத்துக்காரர். விடியற்காலையில் கரையில் மீன் எடுத்து, ஐஸ் போட்டு, பெரிய பிளாஸ்டிக் பெட்டியில் அடைத்து, வண்டியின் பின்னால் கட்டிக்கொண்டு வருவார். கேம்ப் ரோடு முனையில், மதியழகன் கடைக்கு எதிரே, அவர் மனைவி அஞ்சம்மாள் முதல் பஸ்ஸிலேயே வந்து பலகை போட்டுக் காத்திருப்பாள். அவர் கொண்டு வருவார், அவள் விற்பாள். பேச்சும் அப்படித்தான். அவருக்கும் சேர்த்து அவளே பேசிவிடுவாள். அவர் குப்பத்தில் இதே மாதிரி மீன் வண்டி இன்னும் பத்து. பதினொன்றும் மதியழகன் கைதான்.

"நாப்பது கூட தரலப்பா" என்றார் ஜீவரத்தினம்.

மதியழகன் மூக்கைச் சுருக்கிக்கொண்டு பெட்டியை அவிழ்த்து ஓரமாக வைத்தான். பெட்டி கட்டின வண்டியை அவன் ஓட்டவே மாட்டான். பேண்ட்டில் மீன் தண்ணி சொட்டினால் துர்கா அன்றைக்கு அவனை வாசலிலேயே நிறுத்திவிடுவாள். ஏர் ஃபில்டரைத் தட்டினான், பிளக்கைத் தேய்த்தான், கார்புரேட்டரைத் திறந்து மூடினான். பின்வீலைத் தூக்கிச் சுற்றிப் பார்த்தான். நன்றாகச் சுற்றியது. புட்டியைக் கட்டிக் கிளம்பினான். நாற்பது கிலோமீட்டர் வேகத்தில் சீராகப் போனால் பிரேக்கையே தொடாமல் மேடவாக்கம் போகத் தெரிந்தவன் அவன். அதில் அவனுக்குப் பெருமை உண்டு. வண்டி கூட்டுரோட்டுக்குப் போய்த்தான் நின்றது.

"மேடவாக்கம்ணே. போய்ச் சந்தோஷமா ஓட்டு" என்று சாவியைக் கொடுத்தான்.

பத்து நாள் கழித்து அஞ்சம்மாளே வந்தாள். கையில் செதில் வெட்டுகிற கத்தி. வியாபாரத்தின் நடுவில் அப்படியே எழுந்து வந்திருக்கிறாள்.

"இன்னா மெக்கானிக்கு, நல்லா ரிப்பேரு பண்ணிகீற? எப்பவும் போலத்தான் குடிக்குது உன் வண்டி."

"என் வண்டியா? உன் வூட்டுக்காரரு வண்டிக்கா அது. புட்டி கட்டி மேடவாக்கம் வரிக்கும் ஓட்டிக் காமிச்சேன்."

"உன் புட்டி பொய் சொல்லுது."

கடையில் நாலு பேர் இருந்தார்கள். புட்டியைப் பொய் என்று அதுவரை யாரும் சொன்னதில்லை. மதியழகனுக்குச் சுருக்கென்றது. வாய் முந்திக்கொண்டது.

"புட்டி ஏன் பொய் சொல்லப் போவுது? உங்க ஆளு மீன எறக்கிட்டு நேரா வூட்டுக்கு வர்றாரா, வேற எங்கியாவது சுத்திட்டு வர்றாரான்னு பாரு மொதல்ல."

நாலு பேரும் சிரித்தார்கள். அஞ்சம்மாள் சிரிக்கவில்லை. கத்தியை முந்தானையில் துடைத்துக்கொண்டு போய்விட்டாள்.

அதற்கப்புறம் பத்து நாள் அவள் கடைப்பக்கம் வரவில்லை. ஜீவரத்தினம் மட்டும் எதிரே வண்டியை நிறுத்தும்போது மதியழகனைப் பார்க்காமல் நிறுத்தினார். அதைக் கவனித்தும் கவனிக்காதவன் மாதிரி இருந்தான்.

பதினோராம் நாள் அவள் மறுபடி வந்து நின்றாள்.

"மீட்டர பார்த்தேன்" என்றாள். "டெய்லி சாயங்காலம் பார்த்தேன், காலைல பார்த்தேன். வூடு, கேம்ப் ரோடு, வூடு. ஒரு முள்ளு கூட அதிகமா ஓடல. அந்த மனுஷன் எங்கியும் போகல. இப்ப சொல்லு, யாரு பொய்யி?"

மதியழகன் ஸ்பானரைத் துடைக்க ஆரம்பித்தான். அவள் விடவில்லை.

"பொட்டிய கழட்டி வெச்சிட்டு ஓட்டுற. நாங்க இன்னா பொட்டிய கழட்டி வெச்சிட்டா யாவாரம் பண்றோம்? ஐஸு, மீனு, பொட்டி, எல்லாத்தையும் வெச்சிகினு ஓட்டிக் காமி. அப்ப ஒத்துக்கிறேன் உன் போர்டை. இல்லன்னா எங்க குப்பத்து வண்டி ஒண்ணுகூட இந்த வாசல்ல நிக்காது."

"லோடு வெச்சா கொஞ்சம் கொறையும்க்கா. ஆனா வேங்கைவாசல் தாண்டலன்னா, அந்த போர்ட நானே கழட்டுறேன்" என்றான்.

மறுநாள் காலை ஏழு மணிக்கு ஜீவரத்தினம் வந்து நின்றார். பெட்டியை யாரும் தொடவில்லை. உள்ளே சங்கரா மீனும் காணாங்கத்தையும், மேலே ஐஸ். புட்டியைக் கட்டி மதியழகன் ஏறி உட்கார்ந்தான். பின்னால் அவ்வளவு கனம் வைத்து அவன் அந்த ரோட்டில் போனதே இல்லை. முன்வீல் லேசாகத் தூக்கிக்கொள்கிற மாதிரி இருந்தது. ராஜகீழ்ப்பாக்கத்தில் ஒரு ஷேர் ஆட்டோ ஆள் ஏற்ற நடுரோட்டில் நின்றது. பிரேக்கை அழுத்தி மிதித்தான். பள்ளிக்கூடத்து வேகத்தடையில் மறுபடி ஒரு மிதி. அதிலிருந்து வண்டி என்னவோ முணுமுணுத்துக்கொண்டே வந்தது. ஆக்சிலேட்டரைக் கூட்டினால்தான் நாற்பது வேகம் வந்தது. சந்தோஷபுரம் பஸ் ஸ்டாப்புக்கு எதிரில் இரண்டு தரம் இருமி நின்றுவிட்டது.

புட்டியில் ஒரு சொட்டுக்கூட இல்லை.

வண்டியை ஓரம் கட்டி ஸ்டாண்ட் போட்டுவிட்டு அப்படியே நின்றான். பக்கத்தில் யாரும் தெரிந்தவர் இல்லை. வேங்கைவாசல் என்று சொன்னால் யார் வந்து பார்க்கப் போகிறார்கள்? போர்டு தங்கும். பதினொரு வண்டியும் தங்கும். அந்த நினைப்பு வந்தது. வரவே இல்லை என்று அவன் பிற்பாடு யாரிடமும் பொய் சொல்லவில்லை.

பெட்டியின் வலது பக்க ஓட்டையிலிருந்து ஐஸ் தண்ணி சொட்டிக்கொண்டிருந்தது. நேராகப் பின்வீலின் நடுவில், பிரேக் இருக்கிற டிரம் மேல் விழுந்தது. விழுந்த சொட்டு வழியவில்லை. விழுந்த இடத்திலேயே காய்ந்தது. இன்னொரு சொட்டு. அதுவும் காய்ந்தது. ஐஸ் தண்ணி விழுகிற இரும்பு சில்லென்று அல்லவா இருக்க வேண்டும்? குனிந்து விரலை வைத்தான். வைத்த வேகத்தில் எடுத்து உதறினான்.

விஷயம் அங்கேயே புரிந்துவிட்டது. உப்பு கலந்த தண்ணி டிரம்முக்குள் இறங்கி, பிரேக்கைத் திறந்து மூடுகிற உள் இரும்பைத் துரு பிடிக்க வைத்திருக்கிறது. மிதித்தால் பிடிக்கிறது, காலை எடுத்தாலும் முழுசாக விடமாட்டேன் என்கிறது; வண்டி நின்று ஆறினால்தான் விடுகிறது. பிடித்த பிரேக்கோடுதான் ஜீவரத்தினம் தினமும் கோவளத்துக்கும் கேம்ப் ரோடுக்கும் போய் வந்திருக்கிறார். பிரேக்கைத் தொடாமல் வெறும் வண்டி ஓட்டின மதியழகனுக்கு அது எப்படித் தெரியும்?

டாங்க் டியூபை மாட்டிக்கொண்டு திரும்பி வந்தான். அஞ்சம்மாள் நடுரோடு வரைக்கும் வந்து நின்றிருந்தாள்.

"எங்க நின்னுச்சு?"

"சந்தோஷபுரம்."

ஜெயித்துவிட்டோம் என்று கத்துவாள் என்றுதான் அவன் நினைத்திருந்தான். ஸ்டூலைப் போட்டு ஏறி, போர்டைக் கழற்றிச் சுவரில் சாய்த்து வைத்தான்.

"இன்னாத்துக்கு அவசரப்படுற? இன்னா கோளாறுன்னு சொல்லு மொதல்ல" என்றாள்.

"பின்னாடி பிரேக்கு புடிச்சிகினு வுட மாட்டேங்குது. உங்க பொட்டி தண்ணிதான். எதுக்குக்கா வலது பக்கம் ஓட்டை போட்டீங்க?"

"வண்டில எந்தப் பக்கமா ஏறுவாங்க? இடது பக்கமா. அங்க ஓட்டை போட்டா ஏறுறவன் காலு நனையாதா? எங்க குப்பத்துல எல்லாப் பொட்டிக்கும் வலது பக்கம்தான்."

பதினொரு வண்டியின் பிரேக்கும் அவன் கண்ணுக்குள் வந்து போனது.

மீனை இறக்கிவிட்டு வீலைக் கழற்றினான். டிரம்மைத் திறந்தால் உள்ளே செம்மண் மாதிரி துரு. அதன் நடுவில் ஒரு மீன் செதில் பளபளவென்று ஒட்டியிருந்தது. அதை விரல் நுனியில் எடுத்து ஜீவரத்தினத்திடம் காட்டினான்.

"சங்கரா" என்றார் அவர், பார்த்த உடனே.

மதியழகன் துருவைத் தேய்த்துக்கொண்டே தலையைத் தூக்காமல் பேசினான். "அண்ணே, அன்னிக்கு நீ எங்கியோ சுத்துறேன்னு சொல்லிட்டேன். தப்புதாண்ணே."

"வுடுப்பா. பத்து நாளா, எங்க போன, எப்ப வந்தன்னு அவ கேட்டுகினே இருந்தா. கல்யாணம் ஆனதுலேர்ந்து என்னை இவ்ளோ விசாரிச்சதே இல்ல."

"ஆமா, இவரு அழகுக்கு" என்றாள் அஞ்சம்மாள். ஆனால் முகத்தைத் திருப்பிக்கொண்டுதான் சொன்னாள்.

பெட்டியில் பழைய ஓட்டையை அடைத்துப் பின்பக்கம் புதிதாகப் போட்டான். ஒரு ரப்பர் குழாயைச் செருகி, நம்பர் பிளேட்டுக்குப் பின்னால் தண்ணி விழுகிற மாதிரி தொங்கவிட்டான். அப்படியும் டிரம்முக்கு மேலே ஒரு மறைப்பு வேண்டும். தகரம் தேடினான். சுவரில் சாய்ந்திருந்த போர்டு கண்ணில் பட்டது. கொஞ்ச நேரம் பார்த்தான். கத்தரியை எடுத்தான்.

அடுத்த நாள் புட்டி கட்டின வண்டியை அவன் ஓட்டவில்லை. "நீங்களே ஓட்டுங்கண்ணே. எப்பவும் எப்படி ஓட்டுவீங்களோ அப்படி" என்றான். ஜீவரத்தினம் மீனோடு போனார். மதியழகன் கையில் வேலை எடுத்தான், வைத்தான், எடுத்தான். அரை மணி கழித்து அவர் வந்தார்.

"எங்க நின்னுச்சு?" என்று அவனும் அஞ்சம்மாளும் ஒரே நேரத்தில் கேட்டார்கள்.

"வேங்கைவாசல் தாண்டிட்டேன். மேடவாக்கத்துக்குக் கொஞ்சம் முன்னால நின்னுச்சு."

கணக்குப் போட்டான். லிட்டருக்கு ஐம்பத்தைந்து.

அந்த வாரமே குப்பத்திலிருந்து மீதி பத்து வண்டியும் பெட்டியோடு வந்தன. கடை முழுக்க மீன் வாடை. மதியழகன் மூக்கைச் சுருக்கவில்லை. போர்டு துண்டு துண்டாகப் போனது; ஒரு வண்டிக்கு 'மை', ஒரு வண்டிக்கு 'லேஜ்' என்று மஞ்சள் தகரம் போய்ச் சேர்ந்தது. மறுபடி அவன் போர்டு எழுதவில்லை. எழுதச் சொன்னவர்களிடம், "எவன் எவ்ளோ சுமக்குறான்னு எனக்கு இன்னா தெரியும்? வந்து ஓட்டிப் பாரு" என்பான். பால்காரன் கேனோடு வந்தான், சிலிண்டர் போடுகிறவன் சிலிண்டரோடு வந்தான். ஒருத்தர் பெண்டாட்டி பிள்ளைகள் மூணு பேரையும் ஏற்றிக்கொண்டு கிளம்பி, குடும்பத்தோடு சந்தோஷபுரத்தில் நின்றுவிட்டுத் திட்டிக்கொண்டே வந்தார்.

ஜீவரத்தினம் வண்டிக்குக் கிடைத்த தகரத்தில் '60' என்று இருந்தது. முனையில் அவர் வண்டியை நிறுத்தும்போதெல்லாம் அது ரோட்டைப் பார்த்துக்கொண்டு நிற்கும்.

"மெக்கானிக்கு," என்று பலகையிலிருந்தே கூப்பிடுவாள் அஞ்சம்மாள். "அறுபதுன்னு எழுதிகீது. அம்பத்தஞ்சுதான் ஓடுது. அந்த அஞ்சு எங்க?"

"உன் பொட்டில கீதுக்கா. எறக்கிட்டு ஓட்டிப் பாரு."

"மீன வாங்கிகினு போ, எறங்கும்" என்பாள் அவள்.

அவன் வாங்கிக்கொண்டு போவான்.