பார்ட்டியைத் தூக்கியாச்சு

அவளுக்குப் பெற்றோர் வைத்த பெயர் வேறு. சட்டை தைக்கும் கம்பெனியில் எல்லோருமாகச் சேர்ந்து வைத்த பெயர் துருவி. எதைச் சொன்னாலும் துருவித் துருவிக் கேட்பாள் என்பதால் வந்தது. அந்தப் பெயர் முதன்முதலாகத் தன் காதில் விழுந்தபோது அவள் கோபப்படவில்லை. "இதை யார் வெச்சது, எப்ப வெச்சது, எதுக்காக வெச்சது?" என்று கம்பெனி முழுக்க விசாரித்தாள். அதற்குப் பிறகு வேறு பெயர் சொல்லி அவளைக் கூப்பிட யாருக்கும் மனம் வரவில்லை.

அவள் வேலையும் அதற்கேற்ற வேலைதான். தைத்து முடிந்த சட்டைகள் கடைசியாக வந்து சேரும் செக்கிங் மேசையில் அவள் நின்றாள். தலைக்கு மேலே ஒரு குழல் விளக்கு. காலரைத் திருப்பிப் பார்ப்பாள், கைப்பட்டியை இழுத்துப் பார்ப்பாள், பொத்தான் துளையில் நகத்தை விட்டு நெருடுவாள். எங்கே குறை இருக்கிறதோ அங்கே அம்புக்குறி போட்ட சிவப்பு ஸ்டிக்கர் ஒன்றை ஒட்டித் தள்ளிவிடுவாள். அவள் கண்ணுக்குத் தப்பிய சட்டை என்று ஒன்று அந்தக் கம்பெனியை விட்டு வெளியே போனதில்லை. மேனேஜருக்கு அதில் பெருமை. தைப்பவர்களுக்கு வயிற்றெரிச்சல்.

வேலையைக் கம்பெனியிலேயே வைத்துவிட்டு வர அவளுக்குத் தெரியவில்லை, அதுதான் சிக்கல். வீட்டில் பாலை மோந்து பார்ப்பாள். குழாய் ரிப்பேருக்கு வந்தவனைப் பக்கத்தில் நின்று பார்ப்பாள், அவன் போன பிறகு குழாயையும் பார்ப்பாள். "நல்லா இருக்கு" என்ற வார்த்தை அவள் வாயிலிருந்து வந்து யாரும் கேட்டதில்லை. "பரவாயில்லை" என்றாள் என்றால் அது பெரிய சர்டிபிகேட்.

அவளுக்கு ஒரே தங்கை. அப்பாவும் அம்மாவும் அடுத்தடுத்துப் போய்விட, பாவாடை கட்டத் தெரியாத வயதிலிருந்து அவளை வளர்த்தது இவள்தான். தனக்கென்று ஒரு கல்யாணத்தைப் பற்றி நினைக்க நேரமில்லை என்பாள். கேட்டு வந்தவர்களும் இவள் கேட்ட கேள்விகளில் பாதியிலேயே எழுந்து போனவர்கள்தான். தங்கைக்கு முதல் வரன் வந்தபோது, அவன் குடியிருந்த தெருவுக்கே நேரில் போய்த் துணி தேய்ப்பவரிடம் பேச்சுக் கொடுத்தாள். அவனுக்கு ஏற்கெனவே ஒரு மனைவி இருப்பதைக் கண்டுபிடித்துக்கொண்டு வந்தாள். உறவெல்லாம் அவளைத் தலையில் தூக்கி வைத்துக் கொண்டாடியது. அந்தக் கொண்டாட்டம்தான் வினையாகப் போயிற்று. அடுத்து வந்தவனை, கேட்டதற்கெல்லாம் அவன் அம்மாவே பதில் சொன்னாள் என்று தட்டிக் கழித்தாள். அதற்கடுத்தவனிடம் எவ்வளவு தேடியும் ஒன்றும் அகப்படவில்லை. "குறையே இல்லைன்னா எங்கேயோ பெருசா ஒளிச்சு வெச்சிருக்கான்" என்று அவனையும் அனுப்பிவிட்டாள். இப்படியே தங்கைக்கு நாற்பது தாண்டிவிட்டது. தங்கை வாயைத் திறந்து ஒரு வார்த்தை சொன்னதில்லை. அவள் சொல்லாததால் குறையில்லை என்று அக்கா எடுத்துக்கொண்டாள்.

தங்கை மூக்குக்கண்ணாடி மொத்த வியாபாரி ஒருவரின் ஆபீசில் போன் எடுக்கும் வேலை பார்த்தாள். பெரிய நகரத்திலிருந்து ஒரு கண்ணாடிக் கடைக்காரர் ஆர்டர் கொடுக்கக் கூப்பிடுவார். ஒருமுறை வலது கண்ணுக்கான லென்சும் இடது கண்ணுக்கானதும் மாறிப் போய்விட்டது. அவர் கோபப்படாமல், "பரவாயில்லைங்க, கண்ணாடி கேட்ட பெரியவர் தலைகீழா நின்னா சரியாப் போயிடும்" என்றாராம். அன்று ஆரம்பித்த பேச்சு, வருடக்கணக்கில் லென்சைச் சாக்கு வைத்தே நடந்தது. மனைவியை இழந்தவர். குழந்தை இல்லை. கடைசியில் ஒருநாள் லென்சைப் பற்றி ஒன்றுமே பேசாமல் கேட்டுவிட்டார். தங்கையும் அக்காவிடம் சொல்லிவிட்டாள்.

"நேர்ல வந்து பாருங்க, என் அக்காவும் வருவாங்க, உட்கார்ந்து பேசலாம்" என்று அவர் விமான டிக்கெட் அனுப்பினார், ஹோட்டல் ஏற்பாடு செய்தார், விமான நிலையத்துக்கு வண்டி அனுப்புவதாகவும் சொன்னார்.

"இவ்வளவு செலவு பண்றானா? அப்ப ஏதோ இருக்கு" என்றாள் துருவி.

ஆண் துணைக்கென்று தாய்மாமாவையும் கூட்டிக்கொண்டாள். மாமாவுக்கு ஒரு திறமை உண்டு. எங்கே உட்கார வைத்தாலும் தூங்கிவிடுவார். விமானம் மேலே ஏறியதும் அவருக்குத் தெரியாது, இறங்கியதும் தெரியாது.

பெட்டிகளைத் தள்ளிக்கொண்டு வெளியே வந்தபோது, கம்பித் தடுப்புக்கு அப்பால் அட்டை பிடித்துக்கொண்டு வரிசையாக ஆட்கள் நின்றார்கள். ஒல்லியான ஒருவன் கையில் இருந்த அட்டையில் கொட்டை எழுத்தில் 'பெண் வீட்டார்' என்று எழுதியிருந்தது.

தங்கை அதைப் பார்த்துச் சிரித்துவிட்டாள். துருவிக்கு மூக்குக்கு மேல் கோபம் வந்தது.

"ஏம்ப்பா, யாரு உனக்குப் பெண் வீட்டார்? இன்னும் பேச்சே ஆரம்பிக்கல, அதுக்குள்ள அட்டையில எழுதிட்டியா?"

"சார் அப்படித்தான்மா எழுதச் சொன்னாரு."

"வெள்ளைக் கார் வரும்னு சொன்னாங்களே?"

"அது சர்வீசுக்குப் போயிருக்குங்க. வேன் எடுத்துட்டு வந்திருக்கேன்."

"அதை ஏன் முன்னாடியே சொல்லல?"

"காலையிலதான்மா போச்சு."

பதில் டக்கென்று வந்ததே அவளுக்குப் பிடிக்கவில்லை. உண்மை சொல்கிறவன் கொஞ்சம் யோசிப்பான் என்பது அவள் கட்சி. யோசித்திருந்தால் பொய்க்கு நேரம் எடுத்துக்கொள்கிறான் என்றிருப்பாள், அது வேறு விஷயம்.

மாமாவையும் தங்கையையும் பின்சீட்டில் ஏற்றிவிட்டு, தான் டிரைவருக்கு நேர் பின்னால் உட்கார்ந்தாள். அங்கிருந்து பார்த்தால் கண்ணாடியில் அவன் முகம் தெரியும். வண்டி நகர்ந்து கொஞ்சம் வேகம் எடுத்ததும் கதவுகள் எல்லாம் ஒரே நேரத்தில் டக்கென்று பூட்டிக்கொண்டன. அவள் கைப்பிடியை இழுத்துப் பார்த்தாள். வரவில்லை.

"ஏன் பூட்டினே?"

"நான் பூட்டலம்மா. ஓட ஆரம்பிச்சா அதுவே பூட்டிக்கும்."

அதுவே பூட்டிக்குமாம். பெரிய சாலையில் ஹோட்டல்களாக வந்துகொண்டிருந்தன. ஒவ்வொன்றையும் காட்டி "இதுவா, இதுவா" என்று அவள் கேட்க, "இன்னும் போகணும்மா" என்றே அவன் சொன்னான். பிறகு மேம்பாலத்துக்கு முன்னால் சட்டென்று இடதுபக்கம் திரும்பி ஒரு குறுகலான தெருவுக்குள் வண்டியை விட்டான். இரண்டு பக்கமும் டயர்க் கடைகளும் இரும்புக் கடைகளும். தங்கை ஜன்னல் வழியாக வேடிக்கை பார்த்துக்கொண்டிருந்தாள். மாமாவின் தலை இந்தப் பக்கமும் அந்தப் பக்கமும் ஆடிக்கொண்டிருந்தது.

அப்போதுதான் டிரைவரின் போன் அடித்தது. காதில் செருகியிருந்த சின்னக் கருவியைத் தொட்டுக்கொண்டு தாழ்ந்த குரலில் பேசினான். துருவி காதைத் தீட்டிக்கொண்டாள்.

"ம்... பார்ட்டியைத் தூக்கியாச்சுண்ணே. மூணு பேர். பெரியவர் மயங்கின மாதிரி கிடக்கறாரு. சின்னம்மா ஒண்ணும் பிரச்சினை இல்ல. இன்னொரு அம்மாதான் ரொம்ப உஷாரு, முதுகையே பார்த்துக்கிட்டு இருக்காங்க... இல்லண்ணே, மெயின் ரோட்டுல மாட்டிக்குவோம், அதான் உள்ளாற விட்டுட்டேன். இவங்களை இறக்கிட்டு உடனே அடுத்த பார்ட்டியையும் தூக்கணும். நீங்க ஆளைத் தயாரா நிக்கச் சொல்லுங்க."

அவள் முன்னால் சாய்ந்து டிரைவர் சீட்டைப் பிடித்துக்கொண்டாள். இத்தனை காலம் ஊரே தன்னைக் கேலி பண்ணியதற்கெல்லாம் பதில் இதோ முன்சீட்டில் உட்கார்ந்து வண்டி ஓட்டிக்கொண்டிருந்தது. பயத்துக்கு நடுவே, நான் சொன்னேனா இல்லையா என்று ஒரு திருப்தியும் எட்டிப் பார்த்ததை மறைப்பதற்கில்லை. பின்னால் திரும்பி மாமாவின் தொடையில் அழுத்திக் கிள்ளினாள்.

"ஹோட்டல் வந்துடுச்சா?" என்றார் மாமா, கண்ணைத் திறக்காமல்.

"நிறுத்து வண்டியை!"

"இங்க நிறுத்த இடம் இல்லம்மா."

"நிறுத்தறியா, கத்தி ஊரைக் கூட்டட்டுமா?"

அதையே அவள் கத்தித்தான் சொன்னாள். டிரைவர் பதறிப் போய் ஒரு டயர்க் கடை வாசலில் ஓரம் கட்டினான். கடையில் இருந்தவர்கள் கையில் பிடித்த டயரோடு திரும்பிப் பார்த்தார்கள்.

"யாரைத் தூக்கினே? சொல்லு!"

"உங்களைத்தான்மா" என்றான் அவன், ஒன்றும் புரியாமல்.

"எங்க கொண்டுபோய் இறக்கப் போறே?"

"ஹோட்டல்லதான்."

"பார்த்தியாடி, அவன் வாயாலயே ஒத்துக்கறான்!"

தங்கைக்குச் சிரிப்புத் தாங்கவில்லை. "ஐயோ அக்கா! தூக்கறதுன்னா வண்டியில ஏத்திக்கறது. எங்க ஆபீஸ்ல பார்சல் எடுக்க வர்றவங்களும் இப்படித்தான் பேசுவாங்க. பார்ட்டின்னா நாமதான்."

"அடுத்த பார்ட்டின்னானே?"

"வேற பிளைட்டும்மா" என்றான் டிரைவர், அழாத குறையாக. "ஆளைத் தயாரா நிக்கச் சொன்னது உங்க பெட்டியை எல்லாம் இறக்கறதுக்கு."

அதோடு விட்டிருக்கலாம். தப்பாகப் புரிந்துகொண்டோம் என்பது அவளுக்கும் தெரிந்துவிட்டது. ஆனால் சந்தேகப்பட்டுப் பழகியவளுக்குத் தோற்றுப் பழக்கமில்லை. கதவு இப்போது திறந்தது. தன் பெட்டியையும் தங்கையின் பெட்டியையும் இழுத்துக்கொண்டு அவள் தெருவில் இறங்கினாள்.

"எனக்கு எதுவும் சரியாப் படல. அட்டை சரியில்ல, வண்டி சரியில்ல, பேச்சு சரியில்ல. வா, வேற டாக்சி பிடிச்சு அடுத்த பிளைட்லயே திரும்பிடலாம். அப்புறம் நிதானமா விசாரிச்சுக்கலாம். இறங்கு."

தங்கை சிரிப்பதை நிறுத்திவிட்டாள்.

"நான் இறங்கலக்கா."

துருவிக்குச் சரியாகக் காதில் விழவில்லையோ என்று தோன்றியது. தங்கை அவளிடம் 'இல்லை' என்ற வார்த்தையை அதுவரை பயன்படுத்தியதே கிடையாது.

"அவருக்கு வலது காது கேக்காது" என்றாள் தங்கை. "கடையில நஷ்டம் வந்து ஒருதரம் மூடிட்டு மறுபடி திறந்திருக்காரு. முதல் சம்சாரம் சாகறதுக்கு முன்னாடி ஒரு வருஷம் இவரோட பேசல. எல்லாத்தையும் அவரே சொன்னாரு. நீ துருவறதுக்கு நான் ஒண்ணும் மிச்சம் வைக்கலக்கா. எல்லாம் தெரிஞ்சுதான் வந்திருக்கேன். நீ வேணும்னா திரும்பிப் போ. நான் ஹோட்டலுக்குத்தான் போவேன்."

குரல் உயரவில்லை. பெட்டியைத் திருப்பிக் கொடு என்று கையை மட்டும் நீட்டினாள்.

டயர்க் கடை வாசலில் இரண்டு பெட்டிகளோடு நின்றவளுக்கு முதலில் கோபம் வந்தது. யாரால் வளர்ந்த வாய் இது என்று நினைத்தாள். பிறகு கோபம் வடிந்து, அது இருந்த இடத்தில் பயம் வந்து உட்கார்ந்துகொண்டது. தூக்கியாச்சு என்று அவன் சொன்னபோது வந்த பயத்தைவிட இது பெரிதாக இருந்தது. அப்போதாவது வண்டிக்குள் இரண்டு பேரும் ஒன்றாக இருந்தார்கள். டிரைவர் இறங்கி வந்து பெட்டிகளை வாங்கி உள்ளே வைத்தான். அவள் ஏறிக்கொண்டாள். மிச்ச வழி முழுக்கக் கண்ணாடியில் அவன் முகத்தை அவள் பார்க்கவே இல்லை.

ஹோட்டல் வாசலில் கண்ணாடிக் கடைக்காரர் நின்றிருந்தார். முன்னந்தலையில் முடி குறைந்து, புதுச் சட்டையில் கொஞ்சம் திணறிக்கொண்டு இருந்தார். தங்கையைப் பார்த்ததும் "பிளைட் சரியான நேரத்துக்கு வந்துதுங்களா?" என்று கேட்டார். வந்தது என்றாள் அவள். இத்தனை வருஷம் போனில் பேசித் தீர்த்தவர்களுக்கு அதற்கு மேல் பேச்சு எழவில்லை. மாமா வரவேற்பறையில் மெத்தென்று இருந்த ஒரு சோபாவைக் கண்டுபிடித்து அதில் அமிழ்ந்தார்.

அவருடைய அக்கா வந்து துருவியின் பக்கத்தில் உட்கார்ந்தாள். வயதான அம்மாள், ஒளிவு மறைவில்லாத முகம்.

"உங்களைப் பத்தி உங்க தங்கச்சி சொல்லியிருக்கா. தாயார் ஸ்தானத்துல நீங்கதான். என்ன வேணும்னாலும் கேளுங்க, இங்க யாரும் எதையும் மறைக்க மாட்டோம்."

மற்ற நாளாக இருந்தால் அந்த ஒரு வார்த்தை போதும், அதைப் பிடித்துக்கொண்டே சாயங்காலம் வரை கேட்டிருப்பாள். கேட்க வேண்டியதை எல்லாம் விமானத்தில் வரும்போதே மனதுக்குள் அடுக்கி வைத்திருந்தாள். இப்போது எதிரே அவரும் தங்கையும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்கள்.

"கேக்கறதுக்கு ஒண்ணும் இல்ல" என்றாள் துருவி. "ஒண்ணு சொல்லணும், அவ்வளவுதான். இவளுக்கு ராத்திரி தனியாப் படுக்கப் பயம். விளக்கு எரியணும். பக்கத்துல யாராவது மூச்சு விடற சத்தம் கேட்டாத்தான் தூக்கம் வரும். அதை மட்டும் பார்த்துக்குங்க."

தங்கை எழுந்து வந்து அவள் காலடியில் தரையிலேயே உட்கார்ந்தாள்.

"அக்கா, அது நான் இல்லக்கா" என்றாள் மெதுவாக. "விளக்கு எரியணும்னு சொல்றது நீ."

துருவி மறுத்துச் சொல்ல வாயெடுத்தாள்.

"ஆமா" என்றாள். "நான்தான்."