வெயிலில் கிடந்த கட்டில்கள்

எண்பதுகளின் தொடக்கத்தில் திருவண்ணாமலையில் தேரடிக்குப் பக்கத்தில் எனக்கு ஒரு போட்டோ ஸ்டூடியோ இருந்தது. பிழைப்புக்கு போட்டோ, தலைக்குள் கட்சி. எதிர்க்கடைக்காரர் மாற்றுக் கட்சி என்பதற்காகவே அவர் மகள் கல்யாணத்துக்குப் படம் எடுக்கக் கூப்பிட்டும் போகாதவன் நான். அப்படி ஒரு திமிர்.

அந்த வருஷம் அரசு ஒரு திட்டம் கொண்டுவந்தது. டவுன் ஆஸ்பத்திரி நர்ஸ்கள் சிலரை அடி அண்ணாமலை மாதிரி ஊர்களுக்கு அனுப்பி, பிரசவத்தையும் தடுப்பூசியையும் அங்கேயே பார்ப்பது. நல்லதா கெட்டதா என்று எங்களில் ஒருத்தரும் யோசிக்கவில்லை. கொண்டுவந்தது ஆட்சியிலிருந்த மாற்றுக் கட்சி, அதனால் எதிர்த்தோம். கண்டனக் கூட்டத்துக்குப் பார்த்ததும் வயிறு எரிகிற மாதிரி ஒரு படம் வேண்டும் என்றார் எங்கள் செயலாளர்.

டவுனில் ஒரு சின்ன அரசுப் பிரசவ ஆஸ்பத்திரிக்குப் போனேன். பிள்ளை பெற்ற ஏழெட்டுப் பேர் வராந்தாவில் பாய் விரித்துப் படுத்திருந்தார்கள். இரும்புக் கட்டில்களெல்லாம் பக்கத்து முற்றத்தில் வெயிலில் கவிழ்ந்து கிடந்தன. மூட்டைப்பூச்சி சாக, மாதம் ஒருமுறை கட்டில்களை வெளியே போட்டுக் கொதிநீர் ஊற்றுவது அங்கிருந்த நர்ஸம்மாவின் பழக்கம். அன்றும் சேலையை இழுத்துச் செருகிக்கொண்டு அவரே ஊற்றிக்கொண்டிருந்தார். என் மகள் பிறந்தது அவர் கையில்தான். பாப்பா நன்றாக இருக்கிறாளா என்று விசாரித்தார். படம் எடுக்க வந்தேன் என்றதும் சிரித்துக்கொண்டே எடுத்துக்கொள்ளச் சொன்னார்.

இருட்டறையில் கட்டில்கள் விழுந்திருந்த பக்கத்தைக் கறுப்புத்தாள் வைத்து மறைத்துப் பிரிண்ட் போட்டேன். தெரிந்தேதான் செய்தேன். கட்டில்களையும் கிராமத்துக்கு அனுப்பிவிட்டார்கள் என்று நம்பும்படி, 'கட்டில் கிராமத்துக்கு, தாய் கட்டாந்தரைக்கு' என்று கொட்டை எழுத்தில் சுவரெல்லாம் ஒட்டினோம். கூட்டத்தில் பெண்கள் கண்ணைத் துடைத்துக்கொண்டார்கள். செயலாளர் என் தோளைத் தட்டினார். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு நின்றேன், வெட்கங்கெட்டவன்.

பத்து நாளில் நர்ஸம்மா ஸ்டூடியோவுக்கு வந்தார். சுவரொட்டியால், அப்போது மாவட்டத் தலைநகராக இருந்த வேலூரிலிருந்து விசாரணை வந்துவிட்டதாம். தாய்மாரைத் தரையில் போட்டது அவர் குற்றம் என்கிறார்களாம்.

"உங்க கட்சிக்காரங்க பாதிய வெட்டிட்டாங்க போலருக்குங்க. நெகட்டிவ்ல கட்டிலெல்லாம் இருக்கும்ல? ஒரு காப்பி போட்டுக் குடுங்க, ஆபீசர்கிட்ட காட்டறேன். இல்லன்னா என் வேலை போயிடும்."

நெகட்டிவ் என் மேஜை டிராயரில் இருந்தது. கொடுத்தால் கட்சி மானம் போகும். அதைவிட, வெட்டியது நான்தான் என்று அவருக்குத் தெரிந்துவிடும். கட்சி ஆபீசில் வாங்கிக்கொண்டார்கள் என்று வாய் கூசாமல் சொன்னேன்.

"நீங்க என்ன பண்ணுவீங்க பாவம்" என்றார். படியிறங்கும்போது திரும்பி, "புதன்கிழமை பாப்பாவுக்கு ஊசிங்க. நான் இல்லன்னாலும் கூட்டிட்டுப் போயிடுங்க" என்றார்.

அவரை வேலையிலிருந்து நிறுத்திவிட்டார்கள். எந்த ஊருக்குப் போனார் என்று விசாரிக்கக்கூட எனக்குத் தைரியம் வரவில்லை. அந்தப் புதன்கிழமை மனைவியைத்தான் அனுப்பினேன். அடுத்த ஊசிக்கு, வேறு வழியில்லாமல், நானே மகளை அதே ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு போனேன்.

வார்டில் ஒரு பச்சைக்குழந்தை வீறிட்டு அழுதுகொண்டிருந்தது. முதுகெல்லாம் சிவந்து தடித்திருந்தது. என்ன ஆச்சு என்று, பெருக்கிக்கொண்டிருந்த ஆயாவைக் கேட்டேன்.

"மூட்டைப்பூச்சிங்க. இப்பல்லாம் கட்டில வெளிய போடறதில்ல. எவனாச்சும் வந்து போட்டோ புடிச்சிடுவான்னு பயப்படறாங்க."