பேட்டரி மேல் பழி போட்ட காலை

நண்பர்களே, காலையிலிருந்து மனது ஒரு நிலையில் இல்லை. குழுவுக்கு எழுதினாலாவது அடங்குமா என்று பார்க்கிறேன்.

பத்து மணிக்கு என் மனைவி வசந்திக்குச் சாந்தோமில் ஒரு பள்ளியில் ஆசிரியை வேலைக்கு நேர்காணல். ஒன்பதரைக்கு ராஜா அண்ணாமலைபுரத்தில் எங்கள் கார் நின்றுவிட்டது. பேட்டரி விளக்கு மட்டும் எரிந்தது.

"பேட்டரிதான். ரெண்டே நிமிஷம்" என்றேன்.

பானெட்டைத் திறந்து பேட்டரி முனைகளைத் தேய்தேய் என்று தேய்த்தேன். கார் அசையவில்லை. எதிர்க்கடை எலக்ட்ரீஷியன் டெஸ்ட் லைட்டோடு வந்தார்.

"பேட்டரி சோக்கா கீது சார். அத்த கன்ட்ரோல் பண்ற பெட்டியும் நல்லாத்தான் கீது. நடுவுல ஒயர்ல சேதிதான் போவல."

உப்புக்காற்றில் பச்சை பூத்திருந்த ஓர் இணைப்பைக் கழற்றிக் காட்டினார். சுரண்டித் துடைத்துச் சொருகினார். கார் உறுமியது.

வெற்றியோடு திரும்பினேன். வசந்தியைக் காணவில்லை.

"மேடம் அப்பவே ஆட்டோல போய்ட்டாங்க சார்."

பறந்து போய்ப் பள்ளி வாசலில் நின்றேன். வெளியே வந்தாள். வேலை கிடைத்துவிட்டதாம்.

"வண்டி சரியாயிடுச்சு" என்றேன்.

"சந்தோஷம். நாளைலேர்ந்து நான் பஸ்லயே போய்க்கறேன்."

இதற்கு என்ன பதில் சொல்வது? கல்யாணமானவர்கள் மட்டும் எழுதவும்.