கடலாட்டம் என்றே நம்பினோம்

என் கணவர் உடப்புக் கடற்கரையில் மீன்பிடித்தவர். படுக்கையில் புரண்டாலே தலை சுற்றுகிறது என்பார். "டொக்டரிட்ட காட்டுவமே?" என்று கேட்டால், "கடலாட்டம் இன்னும் உடம்பில நிக்குது, வேறொண்டுமில்ல" என்று சிரிப்பார். கரையேறிய பிறகும் தரை ஆடுவது எங்கள் ஆட்களுக்குப் பழக்கம் என்பதால் நானும் நம்பினேன். ஒருநாள் வள்ளத்தில் நின்று வலை இழுக்கக் குனிந்தவர், "சுத்துது" என்று சொல்லிக்கொண்டே கடலில் விழுந்தாராம். உடல்தான் கரைக்கு வந்தது.

இந்த வருடம் எனக்கும் அதே சுற்று வந்தது. பக்கத்து ஊரான முந்தலில் ஒரு டொக்டர் என்னைப் படுக்கவைத்து, தலையை மெல்லப் பக்கம் பக்கமாகத் திருப்பினார். சற்று நேரத்தில் சுற்று நின்றுவிட்டது. "உள்காதில சின்னத் துகள் இடம் மாறினா இப்பிடிச் சுத்தும் அம்மா" என்றார்.

"இவ்வளவுதானா?" என்று அழுதேன். சுகமானவள் ஏன் அழுகிறாள் என்று அவருக்கு விளங்கவில்லை.

இப்போது எங்கள் கரையில் யார் கடலாட்டம் என்றாலும், "படுத்துப் புரளேக்கையும் சுத்துதா?" என்று கேட்பேன். ஓம் என்றால், டொக்டரிடம் காட்டாமல் வள்ளம் ஏற விடமாட்டேன்.