கத்தி விட்டு வைத்த மிச்சம்

கொல்கத்தா துறைமுகத்தில் கப்பல்களின் துருவைச் சுரண்டும் வேலைக்கு நான் சூப்பர்வைசர். நகக்கண் அளவு துரு மிஞ்சினாலும் மறுபடி சுரண்டச் சொல்வேன்.

அப்படிப்பட்டவனுக்கு வலது காது நரம்பில் கட்டி. புற்றுநோய் இல்லை என்றார் டாக்டரம்மா. "ஆனா முகத்தை அசைக்கிற நரம்போட ஒட்டியிருந்தா, அங்க மட்டும் கொஞ்சம் விட்டுடுவேன் தாதா" என்று வங்காள வழக்கப்படி அண்ணன் முறை வைத்துச் சொன்னார். அரைமனதாகத்தான் கையெழுத்துப் போட்டேன்.

ஆபரேஷனுக்கு மறுநாள் மனைவி தயங்கிச் சொன்னாள்: "கொஞ்சம் விட்டு வெச்சிருக்காங்களாம்."

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. டாக்டரம்மா வந்ததும், "என் ஆளுங்க இப்படி வேலை செஞ்சா நான் ஒத்துக்கவே மாட்டேன்!" என்றேன்.

அவர் அசரவில்லை. மனைவியிடம் கைக்கண்ணாடியை வாங்கி என் முகத்துக்கு நேரே பிடித்தார். "இதைப் பார்த்துக்கிட்டே திட்டுங்க."

திட்ட வாயெடுத்தேன். கண்ணாடியில் இரண்டு புருவங்களும் ஒன்றாக நெரிந்தன. உதட்டின் இரண்டு ஓரங்களும் ஒன்றாகத் துடித்தன. என் கோபம் முகம் முழுக்க இருந்தது. வந்த வசவை விழுங்கிவிட்டேன்.

வலது காது இனிக் கேட்காது. வருஷாவருஷம் ஸ்கேன் எடுக்கிறேன். அந்த மிச்சம் வளரவில்லை. துருவை நான் இன்றும் விடுவதில்லை. ஆனால் காலையில் சவரம் செய்து முடித்ததும், கையை நிறுத்தத் தெரிந்த அந்த அம்மாவுக்காகக் கண்ணாடியில் ஒருமுறை முழுதாகச் சிரித்துக்கொள்கிறேன்.