பத்தாவது இசைத்தட்டின் மறுபக்கம்

“ஞாயிறு, பிற்பகல் மூன்று மணி. நான்காவது தட்டு, நாதஸ்வரம். டிரைவருக்கு மிகவும் பிடித்தது. தவில் தூரத்தில் கேட்கிறது என்பது என் குறை. ஊசி புதியது.”

1951 மார்ச் மாதம் நான் எழுதிவைத்த குறிப்பு இது. இதை மட்டும் படிக்கிறவருக்கு, அப்போது மலாயாவில் கம்யூனிஸ்ட் கெரில்லாக்களுக்கு எதிரான அவசரகாலம் நடந்துகொண்டிருந்தது தெரியாது.

கோல சிலாங்கூரை அடுத்த ரப்பர் தோட்டமொன்றில் நான் சின்னக் கிராணி, அலுவலக எழுத்தர். டிரைவர் என்று குறித்திருப்பது தோட்டத்து ரப்பர் பால் ஏற்றும் லோரியை ஓட்டியவரை. கிராமபோன் அவருடையது. சென்னை மாத இதழ் ஒன்று, வாசகர்கள் தேர்ந்தெடுத்த பன்னிரண்டு சிறந்த இசைத்தட்டுகளின் பட்டியலை வெளியிட்டிருந்தது. அவற்றை வரிசை மாறாமல் கேட்பது, ஆளுக்கொரு கருத்துச் சொல்வது, நான் எழுதிவைப்பது என்று ஏற்பாடு. பட்டணத்தில் கடை வைத்திருந்த நாகூர்க்காரர் வாரம் ஒரு தட்டு இரவல் கொடுப்பார். டிரைவர்தான் லோரியில் வாங்கி வருவார். தொழிலாளர் குடியிருப்பான லயங்களைச் சுற்றி முள்கம்பி வேலி போட்டு, மாலை ஆறு மணிக்கு வாசலை அடைத்துவிடுவார்கள் என்பதால் ஞாயிறு பிற்பகல்தான் எங்களுக்கு வாய்த்தது.

ஐந்தாவது தட்டு ஒரு பெண் பாடிய விருத்தம். டிரைவருக்கு அது ஒப்பவில்லை.

“என்னா கிராணியாரே, இந்த ஓட்டம் ஓடுது? யாரு தொரத்துறா இந்தம்மாவ?”

“தட்டுல எடம் மூணு நிமிசந்தான்.”

“அப்ப பட்டியல் போட்டவன் கச்சேரியே கேட்டதில்ல லா.”

இரண்டையும் எழுதிக்கொண்டேன்.

ஆறாவது தட்டுக்கும் ஏழாவதுக்கும் இடையில் மூன்று வாரம் காலியாக இருக்கிறது. ஈஜோக் சாலையில் கெரில்லாக்கள் லோரியை மறித்துக் கையெறிகுண்டு வீசினார்கள். கூடப் போன காவலர் இறந்துபோனார். டிரைவர் உடம்பில் ஒரு கீறல் இல்லை. இரண்டு காதிலிருந்தும் இரத்தம் வந்தது. ஆஸ்பத்திரியில் பஞ்சு வைத்து அனுப்பினார்கள். அடுத்த வாரமே, சரியாகிவிட்டது என்று சொல்லி லோரியை எடுத்தார்.

ஏழு, எட்டு, ஒன்பது ஆகிய தட்டுகளுக்கு அவர் சொன்னவை “நல்லாருக்கு”, “அருமை” என்ற அளவில் இருக்கின்றன. முன்போல வம்புக்கு இழுக்கவில்லை. ஒன்பதாவதின் கீழே, “டிரைவரின் ரசனை பக்குவப்பட்டு வருகிறது” என்று எழுதியிருக்கிறேன்.

பத்தாவது தட்டு தனி வயலின். அவசரத்தில் மறுபக்கத்தைப் போட்டுவிட்டேன். அதில் இருந்தது மாமியார் மருமகள் சண்டை, நகைச்சுவைப் பேச்சு. ஊசியைத் தூக்கப் போனேன். அதற்குள் டிரைவர் கண்ணை மூடித் தொடையில் தாளம் போட ஆரம்பித்திருந்தார். என் கை அப்படியே நின்றது. மருமகள் பாத்திரத்தை உருட்டினாள், மாமியார் வைதாள், அவர் தலையசைத்துக்கொண்டிருந்தார். தட்டு சுற்றி முடிந்ததும் கண்ணைத் திறந்தார்.

“வில்லு என்னமா அழுவுது,” என்றார்.

தட்டைக் காட்டி, நடந்ததை நோட்டில் எழுதி நீட்டினேன். படித்துவிட்டுக் கிராமபோன் பெட்டியின் மூடியைச் சாத்தினார்.

“வேல போனா லயத்த விட்டு எறங்கணும். வேலிக்கு வெளிய என்னை எவன் சேப்பான்? ஒருத்தர்கிட்டயும் சொல்லிப்புடாதீங்க.” பிறகு, “மிச்சம் ரெண்டயும் நீங்க கேளுங்க. நான் ஒங்க மூஞ்சியப் பாத்துக்கிறேன்,” என்றார்.

சரியென்று தலையாட்டினேன்.

இரண்டு நாள் கழித்து அவர் மனைவி தண்ணீர்க் குழாயடியில் என்னை நிறுத்தினார். “அண்ணே, ரெண்டு தடவ கூப்பிட்டாலும் இந்த மனுசன் திரும்பமாட்டேங்குறாரு. கொழுப்பா, காது கோளாறா?”

“கொழுப்புதாம்மா,” என்றேன். அவர் சிரித்தார்.

அந்த வாரம் வாசல் காவலுக்குப் புது ஆட்கள் வந்தார்கள். பழையவர்களுக்கு டிரைவரைத் தெரியும், இவர்களுக்குத் தெரியாது. வியாழக்கிழமை, வாசல் அடைத்து அரைமணி ஆகியிருக்கும். பதினோராவது தட்டை லோரியிலேயே விட்டுவிட்டதாகச் சொல்லி, வேலியை ஒட்டியிருந்த லோரிக் கொட்டகைக்குப் போனார். திரும்பி வரும்போது புதுக் காவலர்கள் முதுகில் சுட்டார்கள். தட்டு பழைய பத்திரிகைத் தாளில் சுற்றியபடி அவருக்குக் கீழே நொறுங்கிக் கிடந்தது.

நிர்வாகத்தின் அறிக்கையைத் தட்டச்சு செய்தவன் நான். “மூன்று முறை நிற்கச் சொல்லியும் நிற்காமல் சென்றார்” என்று அதில் இருந்தது. அவருக்குக் காது கேட்காது என்று ஒரு வரி சேர்க்கும்படி மேலாளரான துரையிடம் சொல்லியிருக்கலாம். உனக்கு எப்படித் தெரியும், எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்பார்கள். அந்தப் பயத்தில் ஒரு எழுத்தும் மாற்றாமல் அடித்துக் கொடுத்தேன். சொன்னதைக் கேட்காமல் போனவர் என்றுதான் தோட்டம் முழுக்கப் பேசிக்கொண்டது. அவர் மனைவி மாதம் முடியுமுன் லயத்தைக் காலிசெய்து புக்கிட் பெலிம்பிங்கில் இருந்த உறவினர் வீட்டுக்குப் போனார். போகும்போது என்னிடம் எதுவும் கேட்கவில்லை. நானும் சொல்லவில்லை.

பட்டியலில் மீதியிருந்த இரண்டு தட்டுகளையும் பின்னாளில் கேட்டேன். குறிப்பு எதுவும் எழுத முடியவில்லை.

அன்று கொட்டகைக்கு எதிர் லயத்தில் இருந்த இரண்டு பேரைப் பிறகு விசாரித்தேன். ஒருவர், யாரோ ஒரு தரம் அதட்டியது போலிருந்தது என்றார். மற்றவர், வெடிச் சத்தம் மட்டும்தான் கேட்டது என்றார். சுட்ட காவலரை எங்கே மாற்றினார்கள் என்று தெரியவில்லை. அன்று அவரை மூன்று முறை கூப்பிட்டார்களா, ஒரு முறையாவது கூப்பிட்டார்களா என்பதை இதுவரை என்னால் உறுதிசெய்ய முடியவில்லை.